வெறும் வயிற்று வரிசை: வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். போன சீனி வியாதிக் கிளினிக் நாளில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து அக்கா ஒருவர், வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுக்க நின்ற வரிசையிலேயே மயங்கி விழுந்தார். தாதி ஒருவர் ஓடிவந்து சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பினார். அந்தத் தாதிக்குக் கோடி நன்றி. எங்கள் கோபம் அவர் மேல் இல்லை, புதிய நம்பர் முறையைத் தீர்மானித்தவர்கள் மேல்தான்.

காலை 6 மணிக்குக் கதவு திறக்கும், வந்த ஒழுங்கில் நம்பர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் டிவிஷனிலிருந்து பஸ் ரோட்டுக்கு இறங்கவே முக்கால் மணித்தியாலம் ஆகும். முதல் பஸ் 6.30க்கு. மழை என்றால் அதையும் நம்ப முடியாது. நாங்கள் வந்து சேரும்போது டவுன்காரர் எல்லோரும் நம்பர் எடுத்து முடித்திருப்பார்கள்.

காலையில் கொழுந்து மலைக்கு ஏறுகிறவர்கள் இரவு 7 மணிக்கே சாப்பிட்டுப் படுப்பவர்கள். வெறும் வயிற்றில் சீனி பார்க்க 8 முதல் 12 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் போதும். அக்கா விழுந்தபோது பகல் 10.30. அவருக்கு முன்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். போதாததற்கு, சாப்பிடாமல் வரச் சொன்னவர்கள் காலைக் குளிசையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல அதைப் போட்டுக்கொண்டுதான் மலை இறங்கியிருக்கிறார். சில சீனிக் குளிசைகளைப் போட்டுவிட்டு வயிறு காய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அறிவித்தல் சுவரில் ஒட்டியிருக்கிறதாம். ஒட்டித்தான் இருக்கிறது, சிங்களத்தில். 1987இல் தமிழும் அரசகரும மொழியான செய்தி அந்தச் சுவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

அன்றைக்கு அவருக்குப் பேரும் (அதுதான் நாட்சம்பளம்) விழவில்லை, இரத்தமும் எடுக்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஒரு முறையை மாற்றுவதற்கு முன், அந்த வரிசையில் நிற்கப்போகிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள்.

“கூட்டம் வைத்தோமே, தோட்டத்து ஆட்கள் வரவில்லையே” என்கிறீர்கள். வேலைநாளில், காலை 10 மணிக்கு, டவுனில் வைத்தால் யார் வருவார்? பேரை இழந்து, பஸ் காசும் கொடுத்து வரவேண்டும். வந்தவர்கள் வழக்கமான தலைவர்மாரும் கடை முதலாளிமாரும்தான். பெட்டிஸும் டீயும் நன்றாக இருந்ததாகக் கேள்வி.

கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் வழி சொல்லியிருப்பாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்குத் தனி வரிசை வையுங்கள், பஸ் வந்த பிறகு அதைத் தொடங்குங்கள். அல்லது மாதம் ஒரு காலை தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே இரத்தம் எடுத்து அனுப்புங்கள். சீனி கெடாமல் வைக்க அதற்கென்றே மருந்து போட்ட குழாய் இருக்கிறது என்று லேப் தம்பியே சொல்கிறார். அவரையும் நீங்கள் கேட்கவில்லையாம்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. இங்கிலாந்தில் லூட்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றில் 2005-06 அளவில், புற்றுநோயாளிகள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லச் சொல்லப் படம் பிடித்தார்கள். டாக்டர்மாரும் தாதிமாரும் நோயாளிகளோடு சேர்ந்திருந்து அதைப் பார்த்தார்கள். பிறகு எதை மாற்றுவது என்று கூடித் தீர்மானித்தார்கள். அதற்கும் முன்னால், 1978இல் உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா ஆட்டா பிரகடனம், சுகாதார சேவையைத் திட்டமிடுவதில் பங்குபெறுவது மக்களின் உரிமை என்றே சொல்லிவிட்டது. இந்த மலைக்கு மட்டும் எல்லாமே மெதுவாகத்தான் ஏறி வரும். மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் என்று 2023இல் மேடை மேடையாகப் பேசினார்கள். எங்கள் ரோட்டுக்கு இன்னும் தார் விழவில்லை, லயத்துக் கூரைத் தகரம் காற்றுக்குப் பறக்காமல் இருக்க இன்னும் கல்லைத்தான் தூக்கி வைக்கிறோம். தேர்தல் வந்தால் மட்டும் ஜீப் எப்படியோ மேலே ஏறிவிடுகிறது.

சரி, அதெல்லாம் உங்கள் குழுவின் பொறுப்பு இல்லை. மன்னிக்கவும்.

உங்கள் பொறுப்பில் இருப்பதையே தயவாகக் கேட்கிறோம். அடுத்த கிளினிக்குக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள். டாக்டர் ஐயா, தாதி, லேப் தம்பி, நம்பர் கொடுக்கிறவர் எல்லோரும் வந்தால் நல்லது. கதிரையும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு. பேசி முடிவாவதைத் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். எந்த ஞாயிறு தோது என்று தோட்டத்து மருத்துவிச்சியிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
மேற்பிரிவு லயத்து மக்கள் சார்பில்,
கிளினிக்குக்கு வரும் ஒரு தாயின் மகள்