எங்களைச் சேர்த்துக்கொண்ட சபையாருக்கு நன்றி

அன்புள்ள சபையாருக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். எங்கள் குடும்பத்தின் பெயர் சபைப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அன்று எல்லாரும் வந்து வாழ்த்தியபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

சின்ன சபையில் புதிதாக நுழைகிறவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பெரிய ஆலயமென்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, யாரும் கவனிக்குமுன் கிளம்பிவிடலாம். முப்பது நாற்பது பேர் கூடும் இடத்தில் அது நடக்குமா? அந்தப் பயத்தோடுதான் நாங்கள் வந்தோம்.

முதல் நன்றி வாசலில் புத்தகம் கொடுக்கும் அண்ணனுக்கு. "வாங்க, எங்க வசதியோ அங்க உட்காருங்க" என்றார், அவ்வளவுதான். எந்தச் சபை, என்ன வேலை என்று ஒரு கேள்வி இல்லை. மினுக்கான வஸ்திரம் உடுத்தியவருக்கு நல்ல இடமும் எளியவருக்கு வேறு இடமும் காட்டுவதை யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. இந்த அண்ணன் யார் வந்தாலும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார் என்பதைப் பிறகு கவனித்தேன்.

அடுத்து, எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. நாங்கள் வளர்ந்த சபையில் அச்சிட்ட ஜெபம் கிடையாது. பாட்டு, பிரசங்கம், மனதில் எழுகிற ஜெபம், இவைதான். இந்தச் சபையின் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை மரபு) ஆராதனை முறையோ 1549-இல் பேராயர் தாமஸ் கிரான்மரின் முயற்சியில் வெளிவந்த பொது ஜெபப் புத்தகத்திலிருந்து வளர்ந்தது. அதன் 1662ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. குருவானவர் ஒரு வரி சொல்ல, சபை மறுவரி சொல்லும். பாவ அறிக்கைக்கு முழங்காற்படியிட வேண்டும், சுவிசேஷ வாசிப்புக்கும் விசுவாசப் பிரமாணத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும். நடுவில் திடீரென்று சில பக்கங்களைத் தாண்டிப் போவார்கள். புதியவருக்கு அங்கேதான் தலை சுற்றும்.

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் புத்தகத்தை எங்கள் பக்கம் சாய்த்து, வரியின்மேல் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார். ஜெபம் போகப்போக விரலும் வரிவரியாக இறங்கியது. நாங்கள் மறுமொழி சொல்ல வேண்டிய இடம் வந்தால் லேசாக ஒரு தட்டு. எழும்பும் நேரம் வந்தால் கொஞ்சம் முன்னாலேயே புத்தகத்தை மூடி முன்னால் சாய்வார். ஆராதனை முடியும்வரை எங்கள் முகத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூசிப்போயிருப்போம். அம்மா, உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் இந்த வழிபாட்டுக்குள் வந்தோம்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரம் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மிகவும் சங்கடமானது. எழுந்து போகலாமா, உட்கார்ந்தே இருந்தால் தப்பாக நினைப்பார்களா என்று தெரியாது. குருவானவர் ஐயா அதை ஒவ்வொரு முறையும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார். வேறு சபைகளில் ஞானஸ்நானம் பெற்றுத் திருவிருந்தில் பங்குபெறுகிறவர்கள் இங்கேயும் வரலாம். மற்றவர்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தால் ஆசீர்வாதம் பெறலாம். இருந்த இடத்திலேயே ஜெபித்தாலும் குறையில்லை. எங்கள் வீட்டில் இன்னும் ஞானஸ்நானம் பெறாத ஒருவர் இருக்கிறார். ரொம்பத் தயங்கித்தான் எழுந்து போனார். ஐயா தாழ்ந்த குரலில் அவர் பெயரைக் கேட்டு, தலைமேல் கைவைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே ஆசீர்வதித்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவர் அதையே பேசிக்கொண்டு வந்தார். ஐயா, இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ஆராதனைக்குப் பிறகு தெரிந்தவர்கள் வட்டமாக நின்று பேசும்போது, ஓரமாக நின்ற எங்களைக் கண்டு விலகி இடம்விட்ட அக்காவுக்கு நன்றி. எங்கள் பிள்ளைகளின் பெயரை அடுத்த வாரமும் நினைவு வைத்திருந்த ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நன்றி. வரவேற்பு என்ற பேரில் எங்களை எல்லார் முன்னும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை, அதற்கும் நன்றி.

ஆள் குறைவான சபையில் வேலை நிறைய இருக்கும். புதிதாக ஒரு குடும்பம் வந்தால் உடனே பாடகர் குழுவுக்கும் துப்புரவுக்கும் பெயர் கேட்கத் தோன்றுவது இயல்பு. நீங்கள் கேட்கவில்லை. நாங்கள் சும்மா வந்து உட்கார்ந்து ஜெபித்துவிட்டுப் போக இத்தனை மாதம் விட்டீர்கள். இப்போது நாங்களே கேட்கிறோம்: வேலைப் பட்டியலில் எங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. அவரவருக்குத் தெரியும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் புதுக் குடும்பம்