வாடகை வீட்டுக் கடன் வட்டியும் கணக்கிலிருந்து மறையும் நஷ்டமும்: நிதியமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதியமைச்சர் அவர்களுக்கும் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சம்பளக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். வங்கிக் கடனில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், விகிதங்கள் குறைந்தும் சலுகைகள் விலக்கப்பட்டும் உள்ள புதிய வரிமுறையில் இழந்து நிற்கும் ஒரு நியாயமான கழிவைப் (வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையை) பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

என் மேசைக்கு வரும் கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. 50 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 43,400 ரூபாய் வரும். முதல் ஆண்டில் கட்டும் சுமார் 5.21 லட்சத்தில் 4.21 லட்சம் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது ஒரு லட்சத்தை எட்டுவதில்லை. அந்த வீட்டுக்கு மாத வாடகை 15,000 எனக் கொண்டால், ஆண்டு வாடகை 1,80,000 ரூபாய். அதில் கட்டிய சொத்து வரி 6,000 ரூபாயையும், மீதியில் சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவாகத் தரும் 30 சதவீத நிலைக் கழிவான 52,200 ரூபாயையும் கழித்தால் 1,21,800 மிஞ்சும். இதிலிருந்து வட்டியைக் கழிக்கும்போது ஏறத்தாழ 3 லட்சம் ரூபாய் நஷ்டம் நிற்கிறது.

பழைய முறையில் இந்த நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம், அதாவது வரிக்குரிய சம்பள வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அந்த 2 லட்சம் வரம்பே 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்ததுதான். புதிய முறையிலோ சம்பளத்தில் ஈடுகட்டவும் வழியில்லை, அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை. வங்கி தந்த வட்டிச் சான்றிதழில் 4.21 லட்சம் என்று அச்சாகியிருக்க, படிவத்தில் அடுத்த ஆண்டுக்குரிய கட்டத்தில் சுழியம் நிற்பதை வாடிக்கையாளரிடம் விளக்குவது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மனவேதனை தருகிறது.

வரி விகிதத்தைக் குறைத்தோம், சலுகைகளை விலக்கினோம் என்பது அரசின் விளக்கம். அதை நான் மறுக்கவில்லை. அசலைத் திருப்பிச் செலுத்துவதற்கான 1.5 லட்சம் வரையிலான கழிவு ஒரு சலுகை. தாமே குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குத் தந்த கழிவும் அத்தகையதே. அவற்றை நான் கேட்கவில்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியோ வாடகையை ஈட்டுவதற்கான செலவு. புதிய முறையிலும் அதை வாடகையளவுக்குச் செலவாக ஏற்கும் சட்டம், அதற்கு மேற்பட்டதை மட்டும் இல்லாததாகக் கருதுவது எப்படிப் பொருந்தும்?

கடனின் இயல்பையும் தாங்கள் கருத வேண்டும். வட்டி தொடக்க ஆண்டுகளில் மிகுந்தும் கடைசி ஆண்டுகளில் சுருங்கியும் வருவது; வாடகையோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுவது. ஆகவே நஷ்டம் முழுவதும் முன்னேயும், வரிக்குரிய வருமானம் முழுவதும் பின்னேயும் விழுகின்றன. முன்னதை அழித்துவிட்டுப் பின்னதற்கு மட்டும் வரி வாங்கினால், மொத்தத்தில் ஒரு ரூபாயும் லாபம் காணாத வீட்டுக்கும் உரிமையாளர் வரி கட்ட நேர்கிறது. பங்குகளை விற்று நஷ்டப்பட்டவர் அதே புதிய முறையில் எட்டு ஆண்டுகள் அதை எடுத்துச் செல்லலாம். தொழில் நடத்துபவருக்குக் கழிக்க முடியாமல் மிஞ்சும் தேய்மானத்தை (இயந்திரம் போன்ற சொத்துகளின் மதிப்புக் குறைவை) எடுத்துச் செல்ல ஆண்டு வரம்பே கிடையாது. கடன் வாங்கி ஒரே ஒரு வீடு கட்டியவருக்குத்தான் இந்தக் கதவு அடைத்திருக்கிறது.

வேண்டுமானால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கலாமே என்று சொல்லப்படும். 12 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியில்லாத தள்ளுபடியையும் குறைந்த விகிதங்களையும் விட்டுவிட்டு, இந்த ஒரு நஷ்டத்துக்காகப் பழைய முறைக்குப் போவது பலருக்குக் கட்டுப்படியாகாது. பணியிட மாற்றத்தால் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வேறோர் ஊரில் தாம் வாடகை கொடுத்துக் குடியிருப்பவரின் நிலை இன்னும் கடினம்: புதிய முறையில், சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப் படிக்கும் வரிவிலக்கு இல்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இதைச் சரிசெய்யவில்லை. சம்பளத்தில் ஈடுகட்டும் உரிமையை மீட்டுத் தரும்படி நான் கேட்கவில்லை. வாடகை வீட்டின் நஷ்டத்தை, அந்த வீட்டுக் கடன் தீரும்வரையேனும், பின்வரும் ஆண்டுகளின் வீட்டு வருமானத்தில் கழித்துக்கொள்ளப் புதிய முறையிலும் அனுமதிக்கும் திருத்தத்தை அடுத்த நிதி மசோதாவில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். பழைய முறையைக் கேட்டுப் பெறாதவருக்குப் புதிய முறையே பொருந்தும் என்று ஆக்கப்பட்ட 2023–24 நிதியாண்டு முதல் அழிந்துபோன நஷ்டத்துக்கும் வங்கிகளின் வட்டிச் சான்றிதழ்கள் ஆதாரமாக இருக்கின்றன. அவற்றின் அடிப்படையில் அந்த நஷ்டத்தையும் கணக்கில் ஏற்க வழிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் ஒரு குடிமகன்