வளவு அறைகளைத் திறக்க வழிவிடுங்கள்: எங்கள் வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியப்பச்சி வீட்டாருக்கும், சித்தப்பச்சி மக்களுக்கும், சென்னையிலும் பெங்களூரிலும் கோலாலம்பூரிலும் வாழும் நம் வீட்டுப் புள்ளிகள், அதாவது பங்குக் குடும்பங்கள், அனைவருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டில் நம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் இந்த வீட்டில் சுண்டெலிகள் படுத்தும் பாட்டை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ஸ்அப் குழுவில் எழுதும்போதெல்லாம் கைகூப்பும் படங்கள் வந்து குவிகின்றன. சாவி மட்டும் வருவதில்லை. ஆகவே எல்லோர் பார்வையிலும் படும்படி எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே: நடு முற்றமான வளவைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் உங்கள் அறைகள் அனைத்தையும் ஒரே நாளில் திறந்து சுத்தம் செய்ய வழிவிடுங்கள்.

சென்ற மாதம் குழுவில் பலரும் வற்புறுத்தியதன்பேரில் அடுப்படியில் எலி மருந்துக் கட்டி வைக்கப்பட்டது. அந்த மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் கழித்து, பெரும்பாலும் தன் கூட்டுக்குப் போய்ச் சாகிறது. கூடு இருந்ததோ மேற்குப் பக்கத்துப் பூட்டிய அறையில். முதலில் நிலைப்படியின் அடியில் எறும்புச் சாரி தெரிந்தது; பிறகு சாவித் துவாரத்தின் வழியாக நாற்றம் வரத் தொடங்கியது. அந்தக் கதவை ஒட்டித்தான் என் ஆத்தா கட்டில் போட்டுப் படுக்கிறார். சாம்பிராணி போட்டோம், ஈரத்துணியைச் சுருட்டிக் கதவிடுக்கில் திணித்தோம், கடைசியில் கட்டிலையே முகப்புக்கு மாற்றினோம். நடக்கவே சிரமப்படும் அவர், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்ததை நான் கண்ணால் கண்டேன். சாவிக்குச் சொந்தக்காரரை அழைத்துக் கேட்டபோது, "அடுத்த படைப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்றார். முன்னோருக்குப் படையல் இடும் அந்தப் படைப்பு வரும்வரை மூச்சு விடாமல் இருக்க ஆத்தாவுக்குத் தெரியவில்லை.

பொறி வைக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். மசால் வடை வைத்த பொறிகள் இன்றும் அடுப்படியில் இருக்கின்றன. வழி தவறி வந்தவை சில சிக்குகின்றன. ஆனால் சுண்டெலி பெரும்பாலும் தன் கூட்டிலிருந்து பத்து மீட்டருக்குள்ளேயே நடமாடுவது. பொறியைக் கூட்டுக்கு அருகே, சுவரை ஒட்டி வைத்தால்தான் பலன் உண்டு. கூடுகளோ உங்கள் அறைகளுக்குள், சீர் சாமான் பெட்டிகளுக்குப் பின்னாலும், யாரும் படுக்காத இலவம்பஞ்சு மெத்தைகளுக்குள்ளும் இருக்கின்றன. ஏறத்தாழ 3 வாரத்தில் ஓர் ஈற்று. ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். அவையும் இரண்டு மாத அளவில் ஈனத் தொடங்கிவிடும். 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே உள்ளே புகுந்துவிடும் பிராணியை, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று எப்படி ஒழிப்பது? பூனை வளர்க்கச் சொன்னவருக்கும் ஒரு வார்த்தை: பூனையிடமும் சாவி இல்லை.

இது நாற்றத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். மரப்பட்டியில் ஓடும் பழைய ஒயர்களை அவை கடித்து வைத்து ஒரு தீப்பொறி பறந்தால், ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து வந்த தேக்கு முழுவதும் எரிந்து போகும். எந்த அறை எந்தப் புள்ளிக்கு என்று நெருப்பு கேட்காது.

2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோது குழுவில் நாள் முழுக்க வாழ்த்து மழை. பிள்ளைகளின் கல்யாணப் படங்களுக்கு ஆத்தங்குடிக் கல் தரையும் முகப்புத் தூண்களும் வேண்டியிருக்கின்றன. வீட்டுப் பொதுவிலிருந்து கம்பிவலைக்குப் பணம் கேட்டால் மட்டும் பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்குகிறது. பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊர் என்பதால் பிள்ளையாரின் வாகனத்துக்கு வளவு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டோமா என்றுகூடத் தோன்றுகிறது. கோபத்தில் சொல் நீண்டுவிட்டது; மூத்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிள்ளையார் நோன்புக்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்களே குறித்துச் சொல்லுங்கள். அன்று எல்லா அறைகளையும் ஒருசேரத் திறந்து, கூடுகளை அப்புறப்படுத்தி, சுவர் ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்து, காற்றுத் துவாரங்களுக்கு நெருக்கமான கம்பிவலையும் கதவடிகளுக்குத் தகரமும் அடித்துவிடலாம். ஓர் அறையை விட்டுவிட்டாலும் எலிகள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பதால்தான் அனைத்தையும் கேட்கிறேன். நேரில் வர இயலாதவர்கள் தமக்கு நம்பிக்கையான ஒருவரை அனுப்பலாம். வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். உள்ளே இருக்கும் வெங்கலமும் எனாமல் பூசிய மங்குச் சாமானும் பீங்கான் ஜாடியும் பட்டியலிடப்பட்டு, அன்று மாலையே பழையபடி பூட்டப்படும்.

சாவியைக் கூரியரில் அனுப்புகிறவர்கள், எந்த அறைக்குரியது என்று ஓர் அட்டையில் எழுதிச் சாவியோடு சேர்த்துக் கட்டி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டில் குடியிருக்கும் உங்கள் பங்காளி