பாப்பாவின் ரெஸ்யூமில் உன் கடையைக் காணோம்

அன்பு மாப்ளே,

முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா, முதலில் அதை எழுது. இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே காலண்டரில் தேதி பார்க்கிறாள். தங்கச்சி கொடுத்தனுப்பிய முருங்கைக்காய் மொத்தத்தையும் அவள்தான் சாப்பிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பாப்பா தன் ரெஸ்யூமை வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றாள். இரண்டு தடவை படித்துவிட்டு ஒரு மணி நேரம் அவளோடு போனில் பேசினேன். பேசியதில் பாதி உன் மோட்டார் ரிப்பேர் கடையைப் பற்றியது, அதனால்தான் உனக்கும் எழுதுகிறேன்.

நான்கு வருஷ டிரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) படிப்பில் கடைசி வருஷத்தில் இருக்கிற பிள்ளை. ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து லீவு விட்டால் உன் கடையில் வந்து உட்கார்ந்திருப்பாள், நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எரிந்துபோன சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, இது லோ வோல்டேஜில் போனதா, ஒரு பேஸ் கட்டாகிப் போனதா, கிணற்றில் தண்ணீரில்லாமல் ஓடிப் போனதா என்று சொல்லும் பிள்ளை அது. அந்த இரண்டு பக்க ரெஸ்யூமில் உன் கடையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏன் பாப்பா என்றால், "அது நம்ம கடைதானே மாமா, அதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸா?" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் கம்பெனியில் டிரெயினி எடுக்கும்போது மெயின்டனன்ஸ் பக்கமிருந்து என்னையும் உட்காரவைப்பார்கள். முன்னால் ஒரு கட்டு ரெஸ்யூம் இருக்கும், ஒரு தாளுக்கு அரை நிமிஷம் கிடைத்தால் அதிகம். பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். மேலே 'சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க' என்ற அந்த ஆங்கில வரி, கீழே 'மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று டிக்ளரேஷன், நடுவில் அப்பா பெயர், மதம், திருமணமானவரா இல்லையா, பாஸ்போர்ட் போட்டோ. சீனியர் ஒருவர் கொடுத்த ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். பாப்பாவின் தாளிலும் டிக்ளரேஷனுக்குக் கீழே இடம் சேலம் என்று இருந்தது. நீங்கள் உடுமலையில் இருக்கிறீர்கள், சேலம் எங்கிருந்து வந்தது என்றேன். அந்த சீனியர் அக்கா ஊராம். இதைப் பார்க்கிற ஆள், தன் பெயர் போட்ட தாளையே இந்தப் பெண் கடைசிவரை படித்துப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வான், அவனைக் குறை சொல்ல முடியாது.

அதையெல்லாம் எடுத்துவிட்டோம். பிரைவேட் கம்பெனிக்கு மதமும் வேண்டாம், டிக்ளரேஷனும் வேண்டாம். அரசு வேலை என்றால் அவர்களே தனி விண்ணப்பப் படிவம் வைத்திருப்பார்கள், அங்கே கேட்டதை அங்கே எழுதிக்கொள்ளலாம். எடுத்ததும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டது. படித்து முடிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் தாராளம். மேலே அந்தப் பழைய வரிக்குப் பதிலாக இரண்டே வரி: இறுதியாண்டு டிரிபிள் இ, மோட்டார் டெஸ்டிங், சர்வீஸ் பக்கம் வேலை தேடுகிறேன், சப்மெர்சிபிள் மோட்டாரைக் கழற்றி டெஸ்ட் செய்த கை அனுபவம் இருக்கிறது.

அப்புறம் புராஜெக்ட். 'மோட்டார் பாதுகாப்பு அமைப்பு' என்று மொட்டையாக ஒரு வரி. என்ன செய்தாய் என்று கேட்டால் முதலில் தயங்கினாள், போர்டை புராஜெக்ட் சென்டரில் வாங்கினோம் மாமா என்றாள். வாங்கினது இருக்கட்டும், அதற்குப் பிறகு நீ என்ன செய்தாய் என்று விடாமல் கேட்டேன். அப்போதுதான் வந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் இழுக்கிற கரண்ட் குறையும் அல்லவா, அந்தக் குறைவைப் பிடித்து மோட்டாரை நிறுத்தவேண்டும். ஆனால் வாங்கின போர்டு அவர்கள் வைத்த அளவில் சரியாக நிறுத்தவில்லை. இவள் உன் கடை டேங்கில் மோட்டாரை இறக்கி, கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் போட்டு, லோடில் எவ்வளவு இழுக்கிறது, வால்வை அடைத்தால் எவ்வளவு என்று அளந்து, நிறுத்துகிற அளவைத் தானே மாற்றியிருக்கிறாள். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு வரியில் மூடிவைத்தால் யாருக்குத் தெரியும்? போர்டை வாங்கியதையும் மறைக்கவேண்டாம், தான் அளந்ததையும் மாற்றியதையும் மட்டும் எழுது என்றேன். மூன்று வரி வந்தது, அந்தத் தாளிலேயே நல்ல வரிகள் அவைதான். 'அளந்தேன்', 'மாற்றினேன்', 'பதிவு செய்தேன்' என்று ஒவ்வொன்றும் செய்த வேலையில் தொடங்குகிறது.

ஸ்கில்ஸ் என்ற இடத்தில் மேட்லேப், பைத்தான், ஜாவா, ஆட்டோகேட் என்று பத்து பெயர், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரம். ஜாவாவில் கடைசியாக என்ன எழுதினாய் என்றதும் பதில் இல்லை. தாளில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் இன்டர்வியூவில் கேள்வியாக வரும் மாப்ளே. ஒரு தடவை இன்டர்வியூவில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், மெஷின்களை இயக்குகிற பி.எல்.சி. கன்ட்ரோலர் பற்றி ஒரு கேள்வி கேட்டோம், அவன் எழுதியிருந்ததுதான், வாயடைத்துப் போனான், அதற்குப் பிறகு தெரிந்ததைக்கூட அவனால் சொல்ல முடியவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது. பாப்பாவிடம் ஐந்தை வெட்டச் சொன்னேன், மெகர் மீட்டர் வைத்து மோட்டாரின் இன்சுலேஷன் பார்க்கத் தெரியும் என்பதைச் சேர்க்கச் சொன்னேன்.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி கோர்ஸைப் போட்டிருந்தாள். 2022-ல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து இங்கே எல்லாப் பிள்ளைகளின் தாளிலும் அது இருக்கிறது, அதனால் பெயர் மட்டும் போதாது, அதில் செய்தது என்ன என்று ஒரு வரி வேண்டும். ஐ.ஐ.டி.க்கள் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல்-லில் மின் எந்திரங்கள் பற்றி 12 வார கோர்ஸ் முடித்து, சென்டருக்குப் போய்த் தேர்வெழுதி 75-க்கு மேல் வாங்கியிருக்கிறாள், அதைக் கடைசியில் போட்டிருந்தாள். மேலே ஏற்றிவிட்டோம்.

நாலாவது செமஸ்டர் அரியரை நினைத்துப் பயப்படுகிறாள். நிறைய கம்பெனிகள் பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக்கூடாது என்று கேட்பார்கள், அவளுக்கு அந்த இடைஞ்சல் இல்லை, எழுதி முடித்துவிட்டாள். ரெஸ்யூமில் அதை எழுதவேண்டியதில்லை. படிவத்தில் கேட்டாலோ நேரில் கேட்டாலோ இருந்தது என்று சொல்லிவிடவேண்டும். நீயும் இதைச் சொல்லி அவளைத் திட்டாதே.

அந்தக் கலர் டிசைனையும் மாற்றச் சொன்னேன். இப்போது பெரிய கம்பெனிகளில் முதலில் சாஃப்ட்வேர்தான் படிக்கிறது, பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்துப் படமெல்லாம் போட்டால் அது வரிகளைக் கலந்து படித்துவிடும். வெறும் எழுத்து, பி.டி.எஃப்., ஃபைலுக்கு அவள் பெயர். 'நியூ ஃபைனல் 3' என்று வைத்திருந்தாள்.

சென்னை தரமணியில் இருக்கிற அப்ரென்டிஸ் போர்டின் வழியாக ஒரு வருஷப் பயிற்சிக்கும் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். வேலை உடனே அமையாவிட்டாலும் வருஷம் வீணாகாது.

இப்போது உன் வேலை. உன் கடையைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்கிறோம், அதில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சர்வீஸ் ரிஜிஸ்டரில் பாப்பா கையெழுத்தில் இருக்கிற மோட்டார்களை எண்ணு. குத்துமதிப்பாகச் சொல்லாதே, பக்கம் பக்கமாகப் பார்த்து எண்ணிச் சொல். ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு, அந்த எண்ணைப் போட்டால் தாள் ரெடி.

அன்புடன்,
உன் மச்சான்