டெல்லியிலிருந்து ஒரு பழைய மதராசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே எனக்குக் கண்தான் படுத்துகிறது. செய்தித்தாளின் தலைப்புகளைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதை ஊகித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது!

பேரன் டெல்லிக்கு நிருபராக வருகிறான், நாலு வார்த்தை எழுது என்று கேட்டிருந்தாய். உபதேசம் என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் காதில் எதையாவது மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன். அவன் காதில் போட வேண்டியதை நீ பொறுக்கிக்கொள்.

அப்போதும் டெல்லி பெரிய ஊர்தான். ஆனால் செய்தி விளைந்த வயல் ரொம்பச் சின்னது. ரஃபி மார்க்கில் பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஐ.என்.எஸ். கட்டடமும் யு.என்.ஐ. செய்தி ஏஜென்சியும், நாடாளுமன்றத் தெருவில் இன்னொரு ஏஜென்சியான பி.டி.ஐ., சாஸ்திரி பவனில் அரசுச் செய்திகளைத் தரும் பி.ஐ.பி., ராய்சினா சாலையில் பிரஸ் கிளப். செருப்புத் தேயாமல் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிடலாம். காலையில் யு.என்.ஐ. கேன்டீனில் இட்லி சாப்பிடப் போனால் அன்றைய செய்தியில் பாதி கிடைத்துவிடும். கிடைத்த பாதி பொய் என்று சாயங்காலம் பிரஸ் கிளப்பில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

நீ ஏஜென்சி டெஸ்கில் டெலிபிரிண்டர் மணிச்சத்தத்தோடு குடித்தனம் நடத்தினாய். என் பாடு ஜன்பத் ஈஸ்டர்ன் கோர்ட் தந்தி அலுவலகத்தில். பேரிங் அட்டையை நீட்டினால் தந்திக்குப் பணம் கட்ட வேண்டாம், பத்திரிகையின் கணக்கில் ஏறிவிடும். அந்த அட்டையைப் பர்ஸில் அல்ல, சட்டையின் உள்பையில் வைத்திருப்பேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவேன். மெட்ராஸில் அதை ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தர் தமிழில் எழுதுவார். மறுநாள் பத்திரிகையில் வருவது நான் எழுதியதும் அவர்கள் கேட்டதும் கலந்த கூட்டுப் படைப்பு. 2013 ஜூலையில் தந்தியையே மூடினார்கள். கடைசி நாள் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஞாபகார்த்தத்துக்காக வந்த இளவட்டங்கள்.

கரோல் பாக் பர்சாத்தி ஞாபகம் இருக்கிறதா? மொட்டைமாடியில் ஒற்றை அறை, அதற்கு வாடகை. மே மாதம் ‘லூ’ என்கிற அனல்காற்று அடிக்கும்போது அறைக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பதுதான். சாயங்காலம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் குளிரவைத்து, கயிற்றுக்கட்டிலை வெளியே இழுத்துப்போட்டுப் படுப்போம். நடுராத்திரி புழுதிப்புயல் கிளம்பினால் தெரு முழுக்க மாடிக்கு மாடி கட்டில் இழுக்கும் சத்தம் கேட்கும். வீட்டுக்காரர் பிரிவினையின்போது லாகூரிலிருந்து கட்டிய துணியோடு வந்தவர். நம்மைக் கடைசி வரை ‘மதராசி’ என்றுதான் கூப்பிட்டார். ஆனால் நீ மஞ்சள் காமாலையில் விழுந்தபோது தினமும் கரும்புச்சாறு வாங்கிவந்து கொடுத்தவரும் அவர்தான்.

நெருக்கடி நிலை பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1975 ஜூன் 25 ராத்திரி, பத்திரிகைகள் அச்சாகக் கூடாது என்று, பத்திரிகை அலுவலகங்கள் வரிசையாக இருந்த பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். கன்னாட் பிளேஸ் பக்கம் புது டெல்லி நகராட்சியின் மின்சாரம் என்பதால் அங்கே இருந்த ஹிந்துஸ்தான் டைம்ஸும் ஸ்டேட்ஸ்மனும் தப்பின. பேரனிடம் இதை மட்டும் சொல். பத்திரிகைச் சுதந்திரம் ஒரு ராத்திரி எந்த ஃப்யூஸில் இருந்தது என்று அவனுக்குத் தெரியட்டும். அடுத்த வருடம் நாலு ஏஜென்சிகளையும் ‘சமாச்சார்’ என்று ஒரே பானையில் போட்டுக் கிளறியபோது நீ பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நாம் உட்கார்ந்து பேசிய காபி ஹவுஸையும் அப்போதுதான் இடித்தார்கள். இன்று அந்த இடத்தில் பாலிகா பஜார்.

1984 அக்டோபர் 31, இந்திரா காந்தி சுடப்பட்ட அன்று எய்ம்ஸ் வாசலில் நின்றேன். உள்ளே என்ன ஆயிற்று என்று கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பி.பி.சி. சொல்லியாகிவிட்டது. அகில இந்திய வானொலி மாலை ஆறு மணிக்குத்தான் வாய் திறந்தது. அதற்குள் ஜனாதிபதியின் கார் மீதே கல் விழுந்துவிட்டது. மறுநாள் யமுனைப் பாலத்திலிருந்து பார்த்தால் கிழக்கே எண்ண முடியாத இடங்களில் புகை. மெட்ராஸ் டெஸ்குக்கு வேண்டியிருந்தது இறுதி ஊர்வலம். எத்தனை மைல், எந்தெந்த நாட்டுத் தலைவர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்று அரசுக் கணக்கு வர மூன்று வருடம் ஆனது. இப்போது நான் குடியிருக்கும் மயூர் விகாரிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான், அந்தக் கொலைகள் மிக மோசமாக நடந்த திரிலோக்புரி. அங்கே 32-ஆம் பிளாக் பக்கம் போகும் ஆட்டோக்காரர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கேட்டால், மெட்ரோ பக்கத்தில் வந்துவிட்டதால் வாடகை ஏறிப்போச்சு என்கிறார்கள். அவர்கள் கவலை அவர்களுக்கு.

இனி, உனக்கு அதிகம் தெரியாத காலம். நீ ஊர் திரும்பிய பிறகுதான் நம்ம ஆட்களுக்கு மவுசு வந்தது. அதுவரை தமிழ்ப் பத்திரிகை நிருபர் என்றால் அமைச்சரின் செய்தியாளர் சந்திப்பில் கடைசி வரிசை. கேள்வி கேட்டால் ‘அதைப் பிறகு பார்ப்போம்’ என்பார்கள். ஒரு மத்திய அமைச்சரின் உதவியாளர் என் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இது தினமும் வருகிற பத்திரிகையா?’ என்று கேட்டார். அப்போது எங்கள் விற்பனை டெல்லி ஆங்கிலப் பத்திரிகைகள் சிலவற்றைவிட அதிகம்.

1996 மே மாதம் எல்லாம் தலைகீழானது. மக்களவைத் தேர்தலில் மூப்பனாரின் தமாகாவுக்கு 20 இடம், திமுகவுக்கு 17. வாஜ்பாய் பதின்மூன்று நாளில் ராஜினாமா. அதற்கு முன்பே தமிழ்நாடு இல்லத்தில் தலைவர்கள் கூடிப் பேசி அடுத்த பிரதமராக தேவே கௌடாவை முடிவு செய்தபோது, வாசலில் சாணக்கியபுரியே அடைத்து நின்றது. என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் போன பெரிய ஆங்கில ஆசிரியர்கள் தோளில் கைபோட்டு ‘உங்காளு என்ன நினைக்கிறார்?’ என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாது. தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். அதுவே மறுநாள் ஒரு பத்திரிகையில் ‘தமிழக வட்டாரங்கள்’ என்று வந்தது!

1999 ஏப்ரல் 17 அந்த மவுசின் உச்சி. வாஜ்பாய் அரசு மீது நம்பிக்கை ஓட்டெடுப்பு. அதிமுக ஆதரவை விலக்கிக்கொள்ள, அதற்கு நேர் எதிரியான திமுக வாஜ்பாயை ஆதரித்தது. நான் பத்திரிகையாளர் மாடத்தில் இருந்தேன். மின்பலகையில் ஆதரவு 269, எதிர்ப்பு 270 என்று நின்றதும் ஒரு நொடி யாருக்கும் கணக்குப் புரியவில்லை. ஒரிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் எம்.பி. பதவியை விடாமல் இருந்து வந்து ஓட்டுப் போட்டாரே, அந்த ஒரு ஓட்டைப் பற்றி இன்றுவரை சண்டை போடுகிறார்கள். அன்று ராத்திரி வரை என் தொலைபேசி ஓயவில்லை. சென்னையில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் எல்லாரும் டெல்லிக்காரர்கள். எனக்கு அதில் கர்வம் வந்ததும் உண்மை. ஆனால் மதிப்பு எனக்கல்ல, நம்மூர் எம்.பி.க்களின் தலைக்கணக்குக்கு என்பது 2014-ல் தெளிவாகிவிட்டது. ஒரே கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை வந்தது, தோளில் விழுந்த கைகளைக் காணோம்.

நாடாளுமன்றத்தின் மைய மண்டபத்தைத்தான் ரொம்பத் தேடுகிறது மனசு. 1946 டிசம்பர் 9-ல் அரசியல் நிர்ணய சபை கூடிய இடம். நமக்கோ காபியும் டோஸ்ட்டும் கிடைக்கும் இடம். சபைக்குள் கடித்துக் குதறிக்கொண்டவர்கள் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேத்தி கல்யாணம் பேசுவார்கள். சீனியர் நிருபருக்கு அனுமதிச் சீட்டு உண்டு. அங்கே கேட்டதை எழுதக்கூடாது, ஆனால் அதைக் கேட்காமல் எதையும் சரியாக எழுத முடியாது. 2020-ல் கொரோனாவைச் சொல்லி நிருபர்கள் உள்ளே வருவதைச் சுருக்கினார்கள். 2023 செப்டம்பரில் சபை புதுக் கட்டடத்துக்குப் போனது. அங்கே அப்படியொரு மண்டபமே இல்லை. இப்போது பையன்கள் வெளியே மைக்கை நீட்டிக்கொண்டு, காரில் ஏறுகிறவர் திரும்பிப் பார்ப்பாரா என்று நிற்கிறார்கள். திறமையில்லாத பிள்ளைகள் அல்ல. பக்கத்தில் உட்கார இடமில்லை.

பேரனை நவம்பரில் அனுப்பாதே. அந்த மாதப் புகையில் பழகாதவனுக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பிப்ரவரி உத்தமம், ஊரும் பார்க்க நன்றாக இருக்கும். வீடு கிடைக்கும் வரை எங்களோடு தங்கட்டும். மாமி இப்போதே அவனுக்கு அறை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் இந்தி கற்றுக்கொண்டு வரச் சொல். நான் கற்றது பஸ் கண்டக்டர்களிடம், அதனால் பாதி வார்த்தைகளை வீட்டில் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். 1996, 1999 வருடத்துக் கத்தரிப்புகளை உனக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தேனே, அவை பத்திரமாக இருந்தால் பையனிடம் கொடுத்தனுப்பு. இங்கே இருந்த காகிதக் கட்டைக் கரையான் தின்றுவிட்டது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்