லாசா என்றால் பொட்டாலா மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், திபெத்தின் தலைநகர் லாசாவையும் அங்கே தலாய் லாமாக்கள் வாழ்ந்த பொட்டாலா அரண்மனையையும் பற்றி வந்த பயணக் கட்டுரையில் ஒரு வரி: ‘பொட்டாலாவைப் பார்த்தாகிவிட்டால் லாசா முடிந்தது, பழைய ஊரில் வெண்ணெய் நாற்றமடிக்கும் சந்துகள்தான் மிச்சம்.’ படித்ததும் மனசு கேட்கவில்லை. பல வருட வாசகன் என்கிற உரிமையில் எழுதுகிறேன்.

அந்தச் சந்துகள்தான் ஐயா லாசா. ஏழாம் நூற்றாண்டில் சோங்சென் காம்போ மன்னர் காலத்தில் எழுந்த ஜோகாங் கோயிலைச் சுற்றித்தான் ஊரே வளர்ந்தது. இன்று நாம் பார்க்கும் பொட்டாலாவை ஐந்தாம் தலாய் லாமா கட்டத் தொடங்கியது 1645இல். நடுவில் கிட்டத்தட்ட ஆயிரம் வருடம். எல்லையை மதித்து நடப்போம் என்று திபெத்தும் சீனத்து டாங் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை இரண்டு மொழியிலும் பொறித்து, 823இல் நட்ட கல்தூண் ஜோகாங் வாசலில் இன்றும் நிற்கிறது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை எப்படி அனுமதித்தீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

கயிலாயம் போகும் வழியில் நானும் என் மனைவியும் லாசாவில் தங்கினோம். கோயிலைச் சுற்றி வரும் பார்கோர் வீதி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஜனங்கள் ஜபமாலையை உருட்டிக்கொண்டு வலம் வர ஆரம்பித்துவிடுகிறார்கள். அடுப்புகளில் ஜூனிபர் தழை புகைகிறது. வாசலில் விழுந்து விழுந்து கும்பிடுபவர்கள் உள்ளங்கையில் மரக்கட்டை மாட்டியிருக்கிறார்கள். அது தேய்ந்து தேய்ந்து அங்கே தரைக்கல் பளபளக்கிறது. உள்ளே ஒரு பாட்டி, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த உருக்கிய வெண்ணெயை விளக்கு விளக்காக ஊற்றிக்கொண்டே போனார். என் மனைவி ஒதுங்கி வழிவிட்டதற்கு நின்று கைகூப்பிவிட்டுப் போனார். அந்த வெண்ணெய் வாசத்தைத்தான் உங்கள் கட்டுரையாளர் நாற்றம் என்கிறார்.

சரி, பொட்டாலாவையாவது ஒழுங்காகப் பார்த்தாரா? ‘சிவப்பு வண்ணம் பூசிய மேல்சுவர்’ என்று எழுதியிருக்கிறார். மேலே தெரியும் அந்தச் சிவப்புப் பட்டை வெறும் பூச்சு அல்ல. மெல்லிய புதர்க்குச்சிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி, வெட்டுமுனை வெளியே தெரியும்படி வைத்துச் சாயம் ஏற்றியது. உயரத்தில் சுவரின் கனம் குறைய அப்படி ஓர் ஏற்பாடு. வெள்ளைச் சுவருக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் சுண்ணாம்போடு பால், தேன், சர்க்கரை கலந்து பூசுகிறார்கள். கீழே ஷோல் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களை 1990களில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதிரே உள்ள பெரிய சதுக்கத்தில் நின்று படம் எடுத்ததற்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

இது முதல் தடவையும் இல்லை. திபெத் என்றாலே உங்கள் பத்திரிகையில் ‘மர்ம பூமி’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. முன்பு கயிலாயச் சிறப்பிதழில் லாசாவை விமானம் இறங்கும் இடமாக மட்டும் காட்டினீர்கள். அப்போதும் எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. அந்த ஊர் ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கிய அன்றே படியேறப் போனால் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். வயதானவர்கள் உங்கள் இதழை நம்பித்தான் பயணத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். முதல் நாள் ஓய்வெடுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதா? எங்களை அழைத்துப்போன பயண ஏற்பாட்டாளரும் அதைச் சொல்லவில்லை. என் மனைவி இரவு முழுக்கத் தூங்காமல் அவதிப்பட்டார். அப்புறம் ஓட்டல்காரர்தான் ஆக்சிஜன் ஏற்பாடு செய்தார்.

ஒரே ஒரு வேண்டுகோள். ‘ஜோகாங் கோயில்’ என்று போட்டிருக்கும் படம் ஜோகாங் அல்ல. அது ஜ்யான்சே ஊரில் உள்ள கும்பும் என்ற பௌத்தத் தூபி. அடுக்கடுக்கான மாடங்களும், உச்சியில் நான்கு பக்கமும் தீட்டிய கண்களும் அந்தப் படத்திலேயே தெளிவாகத் தெரிகின்றன. லாசாவிலிருந்து அங்கே போக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் ஜோகாங்கின் சரியான படத்தையும் சிறியதாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை