ஏழு ஊர் வேண்டாம், மூன்று போதும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இத்தாலியில் ஒன்பது இரவில் மிலான், வெனிஸ், ஃப்ளோரன்ஸ், பிசா, சியேனா, ரோம், நேப்பிள்ஸ். நீயும் மாப்பிள்ளையும் மட்டும் என்றால் ஓடி ஓடி முடித்துவிடுவீர்கள். சம்பந்தியம்மாவும் அல்லவா வருகிறார்! ஊர் மாறுகிற ஒவ்வொரு நாளும் பாதி நாள் காலி. ரோமிலிருந்து ஃப்ளோரன்ஸ் ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். அறையைக் காலி செய்வது, கல் பாவிய தெருவில் பெட்டியை இழுப்பது, அடுத்த விடுதியில் மதியம் வரை சாவிக்குக் காத்திருப்பது, இதையும் சேர்த்துக் கணக்குப் போடு.

ரோம் 4 இரவு, ஃப்ளோரன்ஸ் 3, வெனிஸ் 2. மிலானும் நேப்பிள்ஸும் அடுத்த முறைக்கு. பிசா கோபுரத்தைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்றால் ஃப்ளோரன்ஸிலிருந்து ஒரு மணி நேர ரயிலில் போய் அரை நாளில் திரும்பிவிடலாம். என்னைக் கேட்டால் அந்த நேரத்தைச் சியேனாவுக்குக் கொடுப்பேன். அங்கே பஸ்ஸில் போ. ரயில் நிலையம் குன்றின் அடியில் இருக்கிறது, பஸ் பழைய ஊரை ஒட்டியே இறக்கிவிடும்.

விமானம் ரோமில் இறங்கி, வெனிஸில் ஏறுவது போல எடு. ரோமின் ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து ஊரின் பெரிய ரயில் நிலையமான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. பழைய நகரச் சுவருக்குள் டாக்ஸிக்கு நிர்ணயக் கட்டணம் வண்டிக்கு 55 யூரோ. மூன்று பேருக்கு டாக்ஸியே மேல். வரிசையில் நிற்கும் வெள்ளை வண்டியில் மட்டும் ஏறு. உள்ளே வந்து கூப்பிடுகிறவர்களோடு போகாதே.

அடுத்தது டிக்கெட். கொலோசியத்துக்கு 30 நாள் முன்பு திறப்பார்கள், டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இனிஷியலை மட்டும் போட்டுப் பதிவு செய்யாதே. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எப்படி விரிந்திருக்கிறதோ அப்படியே, எழுத்து மாறாமல் போடு. வாட்டிகன் அருங்காட்சியகம், போர்கீஸ் கலைக்கூடம், ஃப்ளோரன்ஸில் உஃபிஸி ஓவியக்கூடம், டேவிட் சிலை இருக்கும் அக்காடெமியா, இவையும் முன்பதிவுதான்.

எந்தக் கிழமை எந்த ஊர் என்பதையும் பார். உஃபிஸியும் அக்காடெமியாவும் திங்களன்று மூடல், ஆகவே திங்கள் ரோமில் அமையட்டும். வாட்டிகன் அருங்காட்சியகம் ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், அன்று இலவசம், ஆனால் அந்தக் கூட்டத்தில் சம்பந்தியம்மாவை நிறுத்தாதே. புதன் காலையில் போப் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி இருந்தால் மதியம் வரை புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலை, சுடிதார் இருந்தால் கவலையே இல்லை, மாப்பிள்ளையின் அரைக்கால் சட்டைதான் சிக்கல்.

ரோமில் காசே கொடுக்காமல் பார்க்கக்கூடிய அற்புதம் ஒன்று உண்டு. பாந்தியன் என்ற பழைய ரோமக் கோயில் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃப்ராஞ்சேஸி என்ற தேவாலயம். இடது பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில் ஓவியர் கரவாஜ்ஜோ புனித மத்தேயுவைப் பற்றி வரைந்த மூன்று ஓவியங்கள். இருட்டாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் நாணயம் போடு, விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சில்லறை கையில் இருக்கட்டும். மதியம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போ.

ரயிலில் ஒரு வித்தியாசம் கவனி. அதிவேக ரயில் டிக்கெட்டில் வண்டியும் இருக்கையும் குறித்திருக்கும். சீக்கிரம் வாங்கினால் மலிவு, மாற்றுவதுதான் கடினம். பிராந்திய ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் நடைமேடை அருகே உள்ள இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தியாக வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் கட்டுகிறவர்கள் இதை விட்டவர்கள்தான். வேலைநிறுத்தம் அடிக்கடி வரும்; வேலை நாளில் பிராந்திய ரயில்கள் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 ஓட உத்தரவாதம் உண்டு. கார் எடுக்கவே வேண்டாம். பழைய ஊர்களுக்குள் வெளிவண்டிக்குத் தடை, கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் மாதங்கள் கழித்து வீடு தேடி வரும்.

ஃப்ளோரன்ஸ் பேராலயத்தின் மேல் புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு ஏற 463 படி. லிஃப்ட் கிடையாது, குறுகல், பாதியில் திரும்பவும் வழியில்லை. நீங்கள் இருவரும் ஏறுங்கள்; அந்த நேரம் சம்பந்தியம்மா எதிரே உள்ள ஞானஸ்நான மண்டபத்தைப் பார்க்கலாம்.

வெனிஸுக்கு, தீவு ஊருக்குள்ளேயே இருக்கும் சாந்தா லூசியா நிலையம் வரை டிக்கெட் எடு. மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கும் நிலையம். விடுதி பதியுமுன் ஒரே கேள்வி கேள்: படகுத்துறையிலிருந்து எத்தனை பாலம்? பெரும்பாலும் எல்லாப் பாலத்துக்கும் படிக்கட்டு, பெட்டியைத் தூக்க வேண்டும். பஸ் மாதிரி ஓடும் பொதுப் படகுக்கு டிக்கெட் 75 நிமிடத்துக்கு 9.50 யூரோ, ஆகவே 48 மணி நேரப் பாஸ்தான் கட்டுப்படியாகும். சில நாட்களில் பகலுக்கு மட்டும் வந்துபோகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். தங்குகிறவர்களுக்கு இல்லை, ஆனால் விலக்கு என்று இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஓர் அரை நாள் பக்கத்து ஊரான பாதுவா போய் ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜியோட்டோவின் ஓவியங்களைப் பார். ஈரம் உள்ளே போகாமலிருக்க முதலில் கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைப்பார்கள், பிறகு உள்ளே 15 நிமிடம்தான்.

சாப்பாட்டில் சம்பந்தியம்மாவுக்காகக் கேட்டுக் கேட்டு வாங்கு. மினெஸ்த்ரோனே காய்கறி சூப்தான், ஆனால் இறைச்சிச் சாற்றில் கொதிக்கவைத்திருக்கலாம். பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியால் உறைய வைப்பது. அது ஆகாதென்றால் மரினாரா பீட்சா சொல், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான். ராத்திரி ஏழரைக்கு முன் பல இடங்களில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள், பையில் ஏதாவது பிஸ்கட் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா